சுத்தமான மனுஷன்

"உங்க கடையில தரையில சோத்தைப் போட்டுக்கூடச் சாப்பிடலாமாமே சார்? சவுத் பெண்ட் ஊரே சொல்லுது!" என்றான் வக்கீல் விட்லாக்.

கிழவர் காஸிமிருக்கு வாயெல்லாம் பல். "தாராளமா சாப்பிடலாம். என் பெண்டாட்டி அங்கேயே உட்கார்ந்துதான் பியரோகிக் கொழுக்கட்டை பிடிப்பா" என்றார். பக்கத்தில் இருந்த மகள் பெர்னடெட் மேஜைக்கு அடியில் அவர் காலை ஓர் உதை விட்டாள்.

பின்னே என்ன? விட்லாக் எதிர்க்கட்சி வக்கீல், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஆள். வக்கீல் ஆபீஸுக்குச் சாட்சி சொல்ல வந்த கிழவர் தலையில் அவன் ஐஸ் வைக்கிறான், இந்த மனுஷனும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்.

அவர்களுடைய 'வெள்ளைக் கழுகு' டிரைகிளீனிங் கடைக்கு அடியில் மண் முழுக்கச் சலவை மருந்து இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டு நிலவறைக்குள் அதன் ஆவி ஏறி, கைக்குழந்தைக்காரி ஒருத்தி வீட்டைப் பூட்டிக்கொண்டே போய்விட்டாள். மண்ணைத் தோண்டிச் சுத்தம் பண்ணு, செலவு உன்னுடையது என்று மாநில அரசு பெர்னடெட்டுக்கு உத்தரவு போட்டுவிட்டது.

குடியிருக்கும் வீட்டை விற்றாலும் பாதிச் செலவுக்குக் காணாது. மிச்சமிருந்த ஒரே வழி, காஸிமிர் கடை நடத்திய காலத்துப் பழைய பாலிசி. அந்தக் காலத்துப் பாலிசியில் மண் கெட்டாலும் கம்பெனிதான் பணம் தரவேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் கடை மகள் கைக்கு வந்தபிறகு எடுத்த பாலிசிகளில் அது கிடையாது. மருந்து இறங்கியது அப்பா காலத்தில் என்றால் செலவு கம்பெனி தலையில், மகள் காலத்தில் என்றால் மகள் தலையில்.

அதனால்தான் இந்தக் கூத்து. எதிரியின் வக்கீல் கிழவரை உத்தமர் என்கிறான், பெற்ற மகள் இல்லவே இல்லை என்கிறாள்.

"ஒரு சொட்டு மருந்தைக்கூட வீணாக்க மாட்டீங்களாமே?" என்றான் விட்லாக்.

"காசு போட்டு வாங்கினதாச்சே! எச்சில் கையால காக்கா ஓட்டாதவன்னு என்னை ஊர்ல கேலி பண்ணுவாங்க."

பெர்னடெட்டுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அப்பாவுக்கு மாத்திரை போடணும்" என்று சொல்லி, அவரைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு என்னப்பா ஆச்சு? அவன் புகழப் புகழ என் வீடு போகுது, தெரியலையா? அந்தக் காலத்துல ஒவ்வொரு கடைக்காரனும் மருந்துக் கசடைப் பின்னாடிதானே கொட்டினான்? நீங்க மட்டும் என்ன வானத்துலேர்ந்து குதிச்சீங்களா?"

"எல்லாரும் கொட்டினாங்க, சரி."

"அப்போ உங்க பேரைக் காப்பாத்திக்கிட்டு என்னைத் தெருவுல விடாதீங்க. உள்ள போய் உண்மையச் சொல்லுங்க."

காஸிமிர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். "உண்மையவா சொல்லச் சொல்றே, பெர்னி?"

"ஆமாப்பா" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்ததும் விட்லாக் விட்ட இடத்தில் பிடித்தான். "ஆக, கடைக்குப் பின்னாடி நீங்க எதையுமே கொட்டினதில்லை. அப்படித்தானே?"

"கொட்டினேன்" என்றார் காஸிமிர்.

விட்லாக்கின் முகம் சுருங்கிவிட்டது. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க சார். கடவுள் சாட்சியா சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"யோசிச்சுத்தான் சொல்றேன். மெஷினுக்கு அடியில நிக்கிற கசடை வாளியில அள்ளி, பின்வாசல் படிக்கு இடது பக்கம் சரளைக்கல்லு மேல கொட்டுவேன். வெறும் மண்ணுல கொட்டு, காத்தோட போயிடும்னு மெஷின்காரன் குடுத்த புத்தகத்துலயே போட்டிருந்தான். அது கெடுதல்னு எந்தப் பயலுக்கு அன்னைக்குத் தெரியும்?"

"எப்பவாவது ஒருநாளா?"

"வாரா வாரம். கடை இவ கைக்குப் போற வரைக்கும்."

பெர்னடெட் தலையைக் குனிந்துகொண்டாள். மண்ணைச் சோதித்தவர்களும் படிக்கு இடது பக்கத்தைத்தான் சொல்லியிருந்தார்கள்.

விட்லாக் குட்டிக்கரணம் போட்டுப் பார்த்தான். முன்னால் கேட்டதையே பின்னாலும் பின்னால் கேட்டதையே முன்னாலும் மாற்றி மாற்றிக் கேட்டான். கிழவர் பிடித்த பிடியை விடவில்லை. "கவலையை விடுங்க, இனி கம்பெனி பணத்தைக் கட்டித்தான் ஆகணும்" என்று பெர்னடெட்டின் வக்கீல் அவள் காதில் சொன்னார்.

சாட்சியத்தைப் பதிவு செய்த பெண்மணி உள்ளூர்க்காரி. அவளுடைய கல்யாண கவுனை வெளுத்துக் கொடுத்ததே காஸிமிர்தான். கிளம்பும்போது அவர், "வரட்டுமாம்மா?" என்று கேட்டார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பெர்னடெட் அவரைக் காரில் உட்காரவைத்து, கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டாள்.

"ரொம்ப அவமானமாப் போச்சாப்பா? என்னைக் கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் சூடா சூப் வெச்சுத் தர்றேன்."

"வீட்டுக்கு அப்புறம் போகலாம். முதல்ல கோயிலுக்கு விடு. ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணணும்."

"எதுக்குப்பா, கசடைக் கொட்டினதுக்கா? அது தப்புன்னு அப்போ யாருக்குமே தெரியாதே!"

காஸிமிர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கொட்டினேன்னு சொன்னதுக்கு."