முந்தானையில் ஒரு பேர்

"யாருடி அந்த ராமலிங்கம்?"

குரு போட்ட சத்தத்தில் செவிலிமேட்டுத் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் மெத்தப் படித்த மாப்பிள்ளை, வாய் மட்டும் சாக்கடை. வெள்ளிக்கிழமை அவனுக்கும் பிரியதர்ஷினிக்கும் கல்யாணம்.

மாப்பிள்ளை வீட்டார் எடுத்த முகூர்த்தப் பட்டு கூடத்தில் விரிந்து கிடந்தது. முந்தானையில், மயிலுக்குக் கீழே, ஜரிகையில் பளிச்சென்று ஒரு பேர்: ராமலிங்கம்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுங்க!" பிரியதர்ஷினி அழுதாள்.

"தெரியாதவன் பேரு தானா வந்து குந்திக்கிச்சா? ஆசை ஆசையா கம்ப்யூட்டர்ல டிசைன் புக்கு தேடி, ஒரு தாளை எடுத்துக் குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்! நீதான் தறிக்காரர்கிட்ட போய் இந்தப் பேரைச் சொல்லியிருக்கே!"

"கல்யாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எழுந்துருடா!" என்றாள் குருவின் அம்மா மணியம்மாள்.

பெண்ணைப் பெற்ற சீனிவாசன் மகளை அடிக்கவே கையை ஓங்கிவிட்டார். ஊரெல்லாம் பத்திரிகை வைத்தாயிற்றே, மனுஷனுக்கு வயிறு எரியாதா?

சாட்சிக்கு இழுத்து வந்திருந்த ஐயம்பேட்டைத் தறிக்காரர் அப்பாதுரை அப்போதுதான் வாயைத் திறந்தார். முதலிலேயே திறந்திருந்தால் என்னவாம்!

"பாப்பா ஒண்ணும் சொல்லலப்பா. நீ குடுத்த டிசைன் தாளுலயே மயிலுக்குக் கீழ பொடி எழுத்துல அந்தப் பேரு இருந்துச்சு. இப்பல்லாம் மாப்ள பேரை முந்தானையில நெய்யச் சொல்றாங்க இல்ல? குருன்றது வீட்ல கூப்புடுற பேரு, ராமலிங்கம்தான் முழுப் பேருன்னு நெனச்சுக்கினேன்."

"என்னா உளர்றே? டிசைன் புக்குல எவன் பேரோ எப்படி வரும்?"

பிரியதர்ஷினி சட்டென்று அழுகையை நிறுத்தினாள். "அந்தக் கம்ப்யூட்டர் புக்கை நீங்க விலை குடுத்து வாங்கினீங்களா?"

"எனக்கென்ன கிறுக்கா? நெட்ல ஓசியில கெடக்குது, எறக்கிக்கினேன். அதைப் போய் எவனாவது காசு குடுத்து வாங்குவானா?"

அவள் எழுந்தாள். பட்டைச் சுருட்டி அவன் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள்.

"வாங்குறவங்க பேரைப் பக்கத்துக்குப் பக்கம் போட்டுத்தான் அந்த மாதிரி புக்கை விப்பாங்க. நீங்க ஓசியில எறக்கினது அப்படி ஒருத்தன் வாங்கின புக்கோட திருட்டுக் காப்பி. காசு குடுத்து வாங்கின அந்த ஒருத்தன்தான் ராமலிங்கம்!"