பேர் சொல்லக் கூடாது

"நிறுத்துங்க மேடம். மைக்கை அணைச்சாச்சு!"

மைக்கை அணைத்தால் வெர்னா கோவாச்சின் தொண்டையும் அணைந்துவிடுமா? எங்கள் ஊர் நகர மன்றக் கூடத்தில் கடைசி நாற்காலி வரை கேட்டது.

"தண்ணி சுத்தமா இருக்குன்னு டேல் பிரம்லி பேர்ல அறிக்கை விட்டிருக்கீங்களே, அந்தாளு ஒரு பொய்யன்! என் சலவைக்கடைக்கு வந்து பாருங்க. வெள்ளை உறையைப் போட்டா காப்பில முக்கின மாதிரி வெளிய வருது!"

பழுப்பேறிய தலையணை உறை ஒன்றை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள்.

மன்றத் தலைவர் கர்டிஸ் வோல்மர் சுத்தியலால் மேஜையைத் தட்டினார்.

"மன்றத்து ஆளுங்க யாரையும் பேர் சொல்லிக் குறை சொல்லக் கூடாது. போன மாசமே விதி போட்டாச்சு. பேரை விட்டுட்டுப் பேசுங்க."

"பேரை விட்டுட்டா? ஊருக்கே குடிநீர்ப் பொறுப்பு ஒருத்தர்கிட்டதானே இருக்கு!"

கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. வோல்மர் சிரிக்கவில்லை.

"டேல் ஒரு எளிய மனுஷன். குளிர்லயும் பள்ளத்துல இறங்கிக் குழாய் உடைப்பை அடைக்கிறவர். சபையில நின்னு வாதாடத் தெரியாது அவருக்கு. அவர் மானத்தைக் காப்பாத்தறது எங்க கடமை. இந்தம்மாவை வெளிய கூட்டிட்டுப் போங்க."

போலீஸ்காரர் சங்கடத்தோடு பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய சீருடையைத் துவைத்துக் கொடுப்பதும் வெர்னாதான்.

"வாங்க வெர்னா. என்னை வம்புல மாட்டி விடாதீங்க."

ஓரத்து நாற்காலியில் டேல் பிரம்லி குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தார். அவரைத் தாண்டும்போது வெர்னா நின்றாள்.

"சந்தோஷமா டேல்? ஒளிஞ்சுக்க நல்ல அகலமான முதுகாப் பார்த்துப் பிடிச்சிருக்கீங்க!"

அவர் தலை இன்னும் தாழ்ந்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் அடுத்து பேச வந்தவரின் குரல் வெர்னா காதில் விழுந்தது. "சுதந்திர தினத்துக்கு அருமையா வாணவேடிக்கை நடத்தின கர்டிஸ் வோல்மருக்கு ரொம்ப நன்றி!"

மைக் அணையவில்லை. கைதட்டல் வேறு.

வெர்னாவுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "புகழ்ந்தா பேர் சொல்லலாம், திட்டினா கூடாதா? இது ஊர் மன்றமா, அரண்மனையா?"

மன்றத்தின் மேல் வழக்குப் போட்டாள்.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. உணவு விடுதியில் அவள் காதுபடவே பேசினார்கள். "நாலு துண்டு பழுப்பாச்சுன்னு கோர்ட்டுக்குப் போவாங்களா? பாவம் அந்த டேல். அவன் பொண்டாட்டி இவ சலவைக்கடைப் பக்கமே வர்றதில்ல."

"அவனுக்கென்ன பாவம்?" என்றாள் வெர்னா. "பதில் சொல்ல வக்கில்லாம சட்டத்துக்குப் பின்னால பதுங்கறவன் அவன்."

மாநிலத் தலைநகர் கொலம்பஸில், மத்திய அரசின் நீதிமன்றம். நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மன்றத்தின் வக்கீலைப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு இவ்வளவு நேரம்னு வரம்பு வைங்க, கூச்சல் போட்டா அடக்குங்க. புரியுது. ஆனா பாராட்டினா சரி, குறை சொன்னா குத்தம்னா எப்படி? அரசாங்கம் தனக்குப் பிடிச்ச பேச்சை மட்டும் அனுமதிக்கக் கூடாதுன்னுதானே அரசியல் சட்டத்துல முதல் திருத்தமே வந்தது?"

"இது அரசாங்கத்துக்காக இல்ல, யுவர் ஆனர். ஒரு ஏழைத் தொழிலாளியோட மானத்துக்காக. அவரையே கேளுங்க."

டேல் எழுந்தார். முன்வரிசையிலிருந்த வோல்மர் அவர் தோளைத் தட்டி அனுப்பினார். "பயப்படாம பேசு, டேல்."

வெர்னா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தம்மா உங்களைப் பொய்யன்னு சொன்னப்போ மனசு பட்ட பாட்டைச் சொல்லுங்க" என்றார் வக்கீல்.

"ரொம்ப வலிச்சுது. ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல."

"அப்போ இந்த விதி உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. அப்படித்தானே?"

"இல்லைங்க."

வக்கீல் நிமிர்ந்தார்.

"வெர்னா சொன்னது தப்புங்க. தண்ணி சுத்தமா இருக்குன்னு நான் எங்கேயும் சொல்லல. பெரிய குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு உதிருது, மாத்துங்கன்னுதான் சொன்னேன். என் பேரைப் போட்டு அறிக்கை விட்டது வேற ஆளு. வெர்னாவைப் பேச விட்டிருந்தா, அவங்களுக்கு அடுத்து நான் எழுந்து பதில் சொல்லியிருப்பேன். அவங்களை வெளிய தள்ளினதும் எனக்கும் நாக்கு எழல. பொய்யன்கற பட்டம் மட்டும் என் தலையில நின்னுபோச்சு."

வெர்னா மெல்லத் திரும்பிப் பார்த்தாள்.

வக்கீலின் குரல் இறுகியது. "மிஸ்டர் பிரம்லி, நீங்க மன்றத்துல வேலை பார்க்கறவர். ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்குங்க. இன்னிக்கு வரைக்கும்."

"உக்காருங்க. போதும்."

"இருங்க" என்றார் நீதிபதி. "இதை நீங்க ஊர்கிட்ட வேற நாள்ல சொல்லியிருக்கலாமே?"

"எப்படிம்மா சொல்ல? சொன்னா, அந்த அறிக்கையை விட்டது யாருன்னும் சொல்லணும். மன்றத்து ஆளைப் பேர் சொல்லிக் குறை சொல்றது விதிப்படி குத்தமாச்சே. வெர்னாவைத் தள்ளின மாதிரி என்னையும் தள்ளியிருப்பாங்க."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அந்த விதி என் வாசப்படிக்கு வெளியவே நின்னுடும்" என்றார் நீதிபதி. "இங்க சொல்லலாம். யாரு அது?"

டேல் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார். முன்வரிசையைப் பார்த்தார்.

"கர்டிஸ் வோல்மருங்க. பேர் சொல்லக் கூடாதுன்னு அந்த விதியை எழுதினவரும் அவர்தான்."