மேலே கிடந்த நெல்

மேட்டு வரப்பு எலிகளுக்குப் பொதுக் குவியல் ஒன்று இருந்தது. பத்துக் கதிர் அறுத்து வந்தால் இரண்டை அதில் போட்டுவிட வேண்டும்.

ஒருநாள் தலைவர் எலி அறிவித்தார். "இனிமே ஒரு கதிர் போட்டாப் போதும். மழைக்காலத்துல எல்லாருக்கும் ரெட்டைப் பங்கு!"

எலிகள் வாலைத் தூக்கிக்கொண்டு ஆடின. மூக்காயி எலி மட்டும் ஆடவில்லை. "வர்றதைக் குறைக்கிறீங்க, போறதைக் கூட்டுறீங்க. குவியல் எப்படி நிக்கும்?"

"கையில மிஞ்சினா எல்லாரும் இன்னும் ஓடி ஓடி அறுப்பாங்க தாயி. குவியல் தானா வளரும்," என்று சிரித்தார் தலைவர்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

மழை வந்தது. ரெட்டைப் பங்கும் வந்தது. குவியலோ ஒரு பிடிகூடக் குறையவில்லை. "இப்ப என்ன சொல்றே?" என்று எல்லாரும் அவளைக் கேலி செய்தார்கள். மூக்காயி அப்போது நிறைமாதம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு குவியலில் ஏறி மோந்து பார்த்தாள். மேலே கிடந்த நெல்லில் எலி வாடையே இல்லை. பெருச்சாளி வாடை அடித்தது.

"பக்கத்து வளைப் பெருச்சாளி குடுத்த கைமாத்து," என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. "நீ ஏன் பதறுறே? நாம யாரும் திருப்பிக் குடுக்க வேண்டாம்னு பேசி முடிச்சாச்சு."

"அப்ப யாரு குடுப்பா?"

தலைவருக்குத் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. உள் வளைக்குள் நுழைந்துகொண்டார்.

மூக்காயி வெளியே வந்தாள். வாசலிலேயே பெருச்சாளி நின்றுகொண்டிருந்தது. அவள் வயிற்றையே பார்த்தபடி அன்பாக விசாரித்தது:

"உடம்பைப் பாத்துக்கம்மா. எத்தனை குட்டி இருக்கும்?"