சீராக வந்த சிவப்புக் கார்

அந்தக் காரைப் பார்த்தாலே திருமுருகனுக்கு முதுகு வலித்தது. ஏறி உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம்.

சும்மா சொல்லக் கூடாது, கார் என்னவோ ஜோர்தான். ரத்தச் சிவப்பு, ரெண்டே கதவு, தரையோடு தரையாகப் போகும். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பினால் காலேஜ் பையன்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். அவர்களுக்கென்ன, பார்ப்பதோடு சரி. உள்ளே மடங்கி உட்கார்ந்து, சிமென்ட் லாரிகள் குதறிப் போட்ட ரோட்டில் அரியலூர் மாமனார் வீட்டுக்குப் போய் வருகிறவனுக்கல்லவா தெரியும், எந்தப் பள்ளம் எந்த எலும்பில் இறங்குகிறது என்று. டாக்டர் இடுப்புக்கு ஒரு பெல்ட்டைக் கொடுத்து, “சீக்கிரம் உசரமான வண்டியா மாத்திக்குங்க” என்று சொல்லிவிட்டார்.

உயரமான வண்டியும் தயாராகத்தான் இருந்தது. பழைய கார் வாங்கி விற்கும் தர்மராஜின் கொட்டகையில் வெள்ளை வெளேரென்று ஒரு க்வாலிஸ். திருமுருகன் ஏறிச் சாய்ந்து பார்த்தான். வீட்டுச் சோபா தோற்றது.

“சிவப்பைக் கொண்டாந்து நிறுத்துங்க, இதை ஓட்டிக்கிட்டுப் போங்க,” என்றார் தர்மராஜ்.

அங்கேதான் இடித்தது. சிவப்புக் கார், மாமனார் சாமிக்கண்ணு கல்யாணச் சீராகக் கொடுத்தது. மனைவி புவனேஸ்வரியின் அக்காவைக் கட்டிய மணிவேல், சீராக வந்த மோட்டார் பைக்கை யாருக்கும் சொல்லாமல் விற்றுத் தொலைத்தான். அன்றோடு மாமனார் அந்த வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அக்காக்காரி அழாத நாளில்லை. சொல்லிவிட்டு விற்கலாமென்றால், ‘நீங்க குடுத்த வண்டி சரியில்ல மாமா’ என்று எந்த வாயால் சொல்வது? புவனேஸ்வரியோ அப்பாவிடம் ஒரு நாள் பேசாவிட்டால் சோறு இறங்காதவள். முதுகைக் காப்பாற்றினால் குடும்பம் போகும். குடும்பத்தைக் காப்பாற்றினால் முதுகு போகும்.

விற்கத்தானே கூடாது. திருட்டுப் போனால்?

யோசனை வந்த கையோடு அமாவாசையைப் பிடித்தான். வண்டி திருட்டுக் கேஸில் ரெண்டு தடவை உள்ளே போய் வந்தவன்.

“சிறுவாச்சூர் கோயில்கிட்ட நிறுத்திட்டுப் போறேன். சாவி வண்டியிலயே இருக்கும். நீ எடுத்துக்கிட்டுப் போயி பார்ட் பார்ட்டாக் கழட்டி வித்துக்க. எனக்கு இன்சூரன்ஸ் வந்தாப் போதும்.”

“வெள்ளிக்கெழமையே வெச்சுக்கலாம்ணே. அந்தக் கூட்டத்துல யாரு எதைப் பார்க்கப் போறா,” என்றான் அமாவாசை.

திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கிற கோயில். கூட்டத்துக்குக் கேட்பானேன். திருமுருகனும் புவனேஸ்வரியும் சாமி கும்பிட்டு வெளியே வந்தபோது, கார் நின்ற இடத்தில் ஒரு ஆடு படுத்திருந்தது. பரவாயில்லை, அமாவாசை சொன்ன சொல் தவறாதவன் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டு, தலையில் அடித்துக்கொண்டு அலறினான் திருமுருகன்.

“ஏங்க, ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க,” என்று புவனேஸ்வரி கையைப் பிடித்தாள்.

பாவம், அப்பா கொடுத்த கார் போச்சே என்று வெலவெலத்துப் போயிருக்கிறாள். தேற்றிக்கொண்டிருக்க இதுவா நேரம்? “நீ பஸ் பிடிச்சு வூட்டுக்குப் போ,” என்று கையை உதறிவிட்டு, பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரரின் பைக்கில் தொற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தான்.

“எடுத்தவனைப் பார்த்தீங்களா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனவனை இன்சூரன்ஸ்காரன் சும்மா விடுவானா? பக்கத்திலேயே நின்றதாகச் சொன்னால்தான் பணம் வரும். “பார்த்தேன் சார். ஓடி வர்றதுக்குள்ள கெளப்பிட்டான்.”

அடுத்து, அமாவாசையை மனதில் நிறுத்தி அப்படியே தலைகீழாக அடித்துவிட்டான். அமாவாசை ஒல்லிக்குச்சி. “நல்லா குண்டு சார்.” அமாவாசை கறுப்பு. “செவத்த ஆளு.” அமாவாசை மீசையில்லாத வாலிபன். “அறுபது வயசு இருக்கும் சார். நரைச்ச மீசை, இத்தாந்தண்டி. வெள்ளை வேட்டி சட்டை.” அமாவாசையை இனி யாரும் நெருங்க முடியாது என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். சப்-இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

பெஞ்சில் சாய்ந்து, வெள்ளை க்வாலிஸுக்கு எந்தக் கலரில் சீட் கவர் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, எதிர் டீக்கடையில் அமாவாசை நிற்பது தெரிந்தது. விறுவிறுவென்று அவனிடம் போனான்.

“எங்கண்ணே வண்டி? நான் போறதுக்கு முன்னாடியே இல்லையே,” என்றான் அமாவாசை.

அப்படியானால் எடுத்தது எவன்?

அதற்குள் ஜீப் திரும்பி வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே குதித்தார். “வண்டியை வித்துத் தள்ளிவிடப் பார்த்தான், மடக்கிட்டோம். நீங்க சொன்ன அடையாளம் மீசை வரைக்கும் அப்படியே இருக்கு சார். இவ்வளவு கரெக்டா எவனும் சொன்னதில்ல,” என்று முதுகில் ஓங்கித் தட்டிக் கொடுத்தார். திருமுருகனுக்கு உயிர் போய் வந்தது.

“உங்களுக்கு முதுகு வலின்னு புவனா போன்ல அழுதுச்சு மாப்ளே, கேட்டா வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லாம கொள்ளாம எடுத்துக்கிட்டுப் போயி ஒரு க்வாலிஸா மாத்திக் குடுத்துடலாம்னு பார்த்தேன்,” என்றபடி, விலங்கு மாட்டிய கைகளோடு ஜீப்பிலிருந்து இறங்கினார் மாமனார் சாமிக்கண்ணு.