குதிரையின் வயிறு

"குதிரை வயித்துக்குள்ள என்ன மாமா இருக்கு?"

"காத்துதான் மாப்பிள்ளை."

மாமனாரின் மரக்குதிரை, மாப்பிள்ளை வேலை பார்க்கும் விமான நிலையச் சோதனை அறை மேசைமேல் நின்றது. அன்றைக்கு முதல் சாமானே அதுதான். காமாக் கதிர் இயந்திரத்தில் சிவப்பு விளக்கு. எதையும் திறக்காமலே உள்ளே நைட்ரஜன் சேர்மம் இருக்கிறதா என்று மோப்பம் பிடித்துவிடும் இயந்திரம். வெடிமருந்துகளில் பெரும்பாலானவை அந்த வகைதான்.

மாப்பிள்ளை குதிரையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் சொல்லாத மனுஷர்!

"காத்துக்கெல்லாம் இது கத்தாது மாமா. எதுக்கு வயித்தைக் குடைஞ்சீங்க?"

"கனமா இருந்தா ஏத்த மாட்டாங்கன்னு என் சின்னப் பொண்ணு சொன்னா. அவளுக்குப் பேரன் பொறந்ததுலேருந்து அவனுக்காகச் செதுக்கறேன்."

"வழியில யாராவது எதையாவது குடுத்தாங்களா?"

மாமனார் அவனையே பார்த்தார். "என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

அலைபேசி அடித்தது. மனைவி.

"அப்பாவை ஏத்தி விட்டாச்சா? என் ரோஜாச் செடிக்கு வாங்கச் சொன்னது?"

"காலையிலயே வாங்கிப் பத்திரமா வச்சுட்டேன், போனை வை."

சூப்பர்வைசர் வந்து விளக்கைப் பார்த்தார்.

"சொந்தக்காரர்னு யோசிக்கறியா? விட்டா உன் பொறுப்பு. சொல்லு, அறுத்துப் பார்த்துடலாம்."

மாமனாரின் கை குதிரையின் பிடரியில் இருந்தது. வேலை போனால் இவரா சோறு போடுவார்?

"அறுக்கச் சொல்லுங்க சார்."

வெடிகுண்டுப் பிரிவின் கவச உடைக்காரர்கள் வெளியே தூக்கிப்போய், குதிரையை இரண்டாக அறுத்துக் கொண்டு வந்து போட்டார்கள். வயிற்றுக்குள் ஒரு மண்ணும் இல்லை.

மாமனார் இரண்டு பாதியையும் தோள்துண்டில் கட்டினார். கண் நிறைந்திருந்தது.

"காத்துன்னுதான் சொன்னேன் மாப்பிள்ளை," என்று மட்டும் சொல்லிவிட்டு விமானத்துக்கு நடந்தார்.

சூப்பர்வைசர் சும்மா இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் சிவப்பு.

"ஒண்ணுமே வைக்கலையே, ஏன்யா எரியுது?" குனிந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தவர் நிமிரவே இல்லை. "யூரியா மூட்டைய்யா. முழுக்க நைட்ரஜன். இதை எவன் இங்க கொண்டுவந்து வச்சான்?"

கதிர்வீச்சு எச்சரிக்கைப் பலகைக்குப் பின்னால் ஒரு பயல் கைவைக்க மாட்டான் என்று, காலையில் அதைப் பத்திரமாகச் சாத்தி வைத்த மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை.