நிழல் தேடிப் போனவர்

இந்தப் பழைய கொலைப் படத்தின் தொடக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. கார் வெயிலில் காயக்கூடாதென்று கணவர் நிழல் தேடித் தெருத்தெருவாகச் சுற்றி முடிப்பதற்குள், ஒவ்வொரு முறையும் பிணம் விழுந்துவிடும். இன்று அவரைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடிவந்து தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறாள். திரையில் மழை. தெருவிளக்கு ஈரத்தில் மினுங்க, தொப்பிக்காரன் ஓசைப்படாமல் மாடியேறுகிறான். கதவு கிறீச்சிடுகிறது. கையுறை போட்ட கை துப்பாக்கியைத் தூக்குகிறது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்கிறாள். சட்டென்று திரையை மறைத்தபடி, கார் சாவியை ஆட்டிக்கொண்டு கணவர் நிற்கிறார். "நல்ல நிழல் கிடைச்சுதுடி. என் சீட்டு எது?" "ஐயோ, உக்காந்து தொலைங்க!" டுமீல்! அவர் சாவகாசமாக உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அவள் காதோரம் பெருமையாகக் குனிகிறார். "பாத்தியா, இந்தத் தடவை ஆரம்பத்துக்கே வந்துட்டோம்!"