வாரம் முந்நூறுதான்

தவணைக்காரர் வாசலில் நின்று புதுப் படிவத்தை நீட்டுகிறார். சோப்பு நுரை வழியும் கையோடு தையல்காரி எழுந்து வருகிறாள். வெடித்துக் கிடக்கும் அந்த விரல்களைப் பார்க்கப் பொறுக்காமல்தான் லாரி ஓட்டும் அவள் கணவன் வாஷிங் மிஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறான். "கையெழுத்துப் போடும்மா. வாரம் முந்நூறுதான்," என்று அவள் பின்னால் வந்து நின்று சொல்கிறான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜ் வாங்கியபோது கொடுத்த பழைய தவணை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் கணவனிடம் காட்டுகிறாள். "இதுவும் முந்நூறுதான்னு சொன்னீங்க. நூத்தி நாலு வாரம் கட்டியிருக்கோம். கடையில விலை பதினெட்டாயிரம், நாம கொடுத்தது முப்பத்தோராயிரத்துச் சொச்சம். உங்க 'தான்' மட்டும் பதிமூணாயிரங்க." தவணைக்காரர் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறார். கணவனுக்குக் காது சிவக்கிறது. "உன் கை எரியுதேன்னுதானே..." என்று இழுக்கிறான். "மறுபடி ஒரு தானா? இது எவ்வளவு?" தவணைக்காரருக்கே சிரிப்பு வந்துவிடுகிறது, படிவத்தை மடித்துப் பைக்குள் செருகுகிறார். லாரிக்காரன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாளி முன்னால் உட்கார்ந்து, ஈரப் போர்வையை ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல் முறுக்குகிறான். அவள் முக்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருகிறாள். "மெதுவாங்க. கிழிஞ்சா யாரு தைக்கிறது?"